தொழில் உளநூல் பயில்வார்க்கு ஒரு சொல்

ஆண்டிறுதித் தேர்வு நெருங்குங்காலத்து நம் கல்லூரி மாணவரிடையே தவறாது எழும் பேச்சு ஒன்றுண்டு. 'இனிச் செய்வது யாது? மேற்படிப்பிற்கு எங்குச் செல்வது?' என்பதே அது. மரத்தடியிலும் விடுதித் திண்ணையிலும் இதனைப் பற்றி நெடுநேரம் ஆராய்வர். ஒரு கல்லூரியின் கட்டடப் பெருமையைக் கூறுவார் ஒருவர். பிறிதொன்றின் சம்பளத் தொகையைக் கூறுவார் மற்றொருவர். படித்து வெளிப்போந்தவர்க்குக் கிடைத்த உத்தியோகங்களைக் கணக்கிடுவார் வேறொருவர். இவை யாவும் நினைக்கத்தக்கனவே. ஆயினும், அக்கல்லூரிகள் வெளியிடும் விவரப் பத்திரிகையின் நடுவே எவரும் நின்று வாசியாத பக்கம் ஒன்று உளது. ஆசிரியர்களின் பெயர்களையும், அவர்கள் ஒவ்வொருவரும் எப்பொருளை ஆராய்கின்றனர் என்பதையும் கூறும் பக்கமே அது. எக்கலையைக் கற்பாரும் அப்பக்கத்தை வாசித்தல் நன்று. தொழில் உளநூலைக் கற்க விழைவாரோ அதனையே முதலில் வாசித்தல் வேண்டும் என்பது எமது கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, திருநெல்வேலியினின்றும் அம்பாசமுத்திரத்திற்கு ரயிலிலே திரும்பிக்கொண்டிருந்தோம். நம் கல்லூரியில் உளநூல் பயின்ற மாணவி ஒருத்தி எதிரே வந்தமர்ந்தாள். எங்கள் ஊரை அடுத்த சிற்றூரினள். அவள் தாயார் இருபது ஆண்டுகளாகப் பீடி சுற்றுபவர். மடியிற் சுளகை வைத்துக்கொண்டு அவ்வம்மையார் சுற்றிய பீடிகளே மகளுக்குப் புத்தகமும் சம்பளமும் ஆயின. அப்பெண் இரண்டு கல்லூரிகளின் விவரப் பத்திரிகைகளை எம்மிடம் நீட்டி, "ஐயா, இவ்விரண்டில் எதிலே சேரலாம்? தாங்கள்தாம் சொல்ல வேண்டும்" என்றாள். "அங்குள்ள ஆசிரியர்கள் எவற்றை ஆராய்கின்றார்கள் என்று பார்த்தாயா, அம்மா?" என்று வினவினோம். அவள் பக்கத்தைப் புரட்டி உரக்க வாசித்தாள்: தலைமைப் பண்பு, வேலைத் திருப்தி, நிறுவனப் பற்று, அதிகாரிகளின் மன அழுத்தம். வாசித்து முடித்துச் சிறிது நேரம் வாளாவிருந்தாள். பின்னர், "இதிலே எங்கள் அம்மா எங்கேயும் இல்லையே, ஐயா" என்றாள். சேரன்மாதேவியும் வீரவநல்லூரும் கடந்தன. அச்சொல் மட்டும் எம்மை விட்டுக் கடக்கவில்லை. அதுவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

நிற்க. தொழில் உளநூல் என்பது யாது? மனிதன் உழைக்குமிடத்து அவன் உள்ளம் எவ்வாறு இயங்குகின்றது, எவ்வேலைக்கு எவர் தக்கவர், களைப்பும் சலிப்பும் ஏன் தோன்றுகின்றன, ஒருவன் கீழ் மற்றொருவன் வேலை செய்யுங்கால் நன்மையும் தீமையும் எங்ஙனம் விளைகின்றன என்பவற்றை ஆராயும் கலை அது. பெயர் புதிது, வினா பழையது. 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரத்தையே திருவள்ளுவர் வகுத்துள்ளமை நாம் அறிந்ததே. மேனாட்டில் இவ்வினாவைச் சோதனைச்சாலைக்குக் கொணர்ந்தோருள் முதன்மையானவர் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் என்னும் ஜெர்மானியர். அமெரிக்காவின் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த இவர், டிராம் வண்டி ஓட்டுவோரைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆராய்ந்தார். 1913இல் உளநூலையும் தொழில் திறனையும் இணைத்து ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். அவரிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா என்னும் வங்காளியரே, 1916இல் கல்கத்தா சர்வகலாசாலையில் தொடங்கப்பெற்ற உளநூற் பகுதிக்குத் தலைமை பூண்டார். 1924இல் மைசூரிலும், 1943இல் சென்னைச் சர்வகலாசாலையிலும் இக்கலைக்கு இடம் கிடைத்தது. சென்னையில் அப்பகுதியைத் தொடங்கி நடத்தியவர் ஜி. டி. போவாஸ் ஆவார். இங்ஙனம் இக்கலை கட்டடத்தினின்று கட்டடத்திற்குப் பரவவில்லை. ஆசிரியரினின்று மாணவர்க்கே பரவிற்று. ஆசிரியர் எதனை வினவினாரோ அதனையே மாணவரும் வினவக் கற்றார். ஆதலின், ஆசிரியரின் ஆராய்ச்சி விருப்பம் யாது என்று கேட்பது, அடுத்த இருபதாண்டுகட்கு நம் உள்ளத்தில் எவ்வினா குடிகொள்ளப் போகின்றது என்று கேட்பதேயாகும்.

வினாவின் வன்மைக்கு மூன்று சான்றுகள் காட்டுவோம்.

முதலாவது: 1923ஆம் ஆண்டில் எல்டன் மேயோ என்பார் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து நூற்பாலை ஒன்றிற்கு அழைக்கப்பெற்றார். அவ்வாலையின் ஏனைய பகுதிகளில் ஆட்கள் நிலைத்திருந்தனர். நூல் நூற்கும் ஒரு பகுதியில் மட்டும், நாற்பதுபேர் வேலையில் இருத்தற்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நூறுபேரைப் புதியராகச் சேர்க்க வேண்டியிருந்தது. கூலியில் ஊக்கத்தொகை சேர்த்துப் பார்த்தனர், பயனில்லை. மேயோ அத்தொழிலாளரோடு பேசினார். நீண்ட சந்தில் இடையறாது நடந்து அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டே இருந்தமையால் அவர் கால்கள் நொந்தன; பேச்சுத் துணையின்மையால் உள்ளமும் இருண்டது. பகலில் சில முறை பத்து நிமிடம் படுத்திருக்க விடை கொடுக்கும்படி மேயோ கூறினார். ஆட்கள் நின்றுவிடுதல் குறைந்தது, உற்பத்தியும் உயர்ந்தது. இடையிலே அவ்வோய்வை நிறுத்திப் பார்த்தபொழுது பழைய துன்பமே மீண்டது. 'இவர்கள் ஏன் சோம்பேறிகளாயினர்?' என்று கேட்டோர்க்குக் கிடைக்காத விடை, 'இவர்கட்கு என்ன நேர்கின்றது?' என்று கேட்டவர்க்குக் கிடைத்தது.

இரண்டாவது நம் தேசத்தது. அகமதாபாத்தில் 1947இல் ஆலைத்தொழில் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று நிறுவப்பெற்றது. அதன் உளநூற் பிரிவில் கமலா சௌத்ரி என்னும் அம்மையார் பணிபுரிந்தார். அந்நகரத்துக் காலிகோ ஆலையார் தானியங்கித் தறிகளை வாங்கிப் பொருத்தியும் எதிர்பார்த்த பயன் விளையாமையால், லண்டன் டாவிஸ்டாக் கழகத்து ஏ. கே. ரைஸ் என்பவரின் துணையை நாடினர். 224 தறிகள் ஓடிய அக்கூடத்தில் 29 தொழிலாளர் பன்னிரண்டு வகை வேலையராகப் பிரிந்து நின்றதை ரைஸ் கண்டார். ஒருவர் பல தறிகட்கு உரியர். ஒரு தறிக்குப் பலர் உரியர். எனவே எதற்கும் ஒருவரும் முழுப்பொறுப்பினர் அல்லர். சில தறிகளின் முழுப்பொறுப்பையும் ஒரு சிறு குழுவினரே ஏற்கலாம் என்னும் கருத்தை 1953இல் அவர் எடுத்துரைத்தார். அதனைக் கேட்ட தொழிலாளர் தாமே கூடித் தமக்குள் குழுக்களை அமைத்துக்கொண்டனர். அதன்பின் தறிகளின் செயல்திறன் 80 விழுக்காட்டினின்று 95 விழுக்காடாக உயர்ந்ததென்றும், பழுதுபட்ட துணியின் அளவு 32 விழுக்காட்டினின்று 20ஆகக் குறைந்ததென்றும் ரைஸ் எழுதியுள்ளார். எழுத்தறிவு குறைந்தோர் எனக் கருதப்பெற்ற அத்தொழிலாளர், தம் வேலையைத் தாமே ஒழுங்குசெய்ய வல்லர் என்பதை உலகத்திற்கு உணர்த்தினர்.

மூன்றாவது: பாட்னாவில் ஜே. பி. பி. சின்ஹா என்னும் பேராசிரியர், மேனாட்டு நூல்கள் புகழ்ந்த தலைவன் நம் நாட்டில் ஏன் சிறக்கவில்லை என்று ஆராய்ந்தார். வேலையில் கண்டிப்பும், வேலை செய்வான்பால் பரிவும் ஒருங்கே உடைய தலைவனையே நம்மவர் விரும்புகின்றனர் என்றும், பரிவினால் ஊட்டி வளர்க்கப்பெற்றவனுக்குப் படிப்படியாகப் பொறுப்பை அளித்தல் கூடும் என்றும் 1980இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இக்கொள்கையை முழுதும் ஒப்பாதாரும் உளர். ஆயினும், நம் வீடுகளையும் அலுவலகங்களையும் பாராமல் அவ்வினாவே பிறந்திராது என்பதை ஒருவரும் மறுக்கார்.

'மனித உள்ளம் எங்கும் ஒன்றே. அதனை ஆராய அம்பாசமுத்திரம் எதற்கு?' என்று கேட்பார் உளர். உள்ளம் ஒன்றாயினும் உழைப்பு ஒன்றன்று. ராபர்ட் கராசெக் என்பவர் 1979இல் ஒரு கொள்கையை வெளியிட்டார். வேலையின் நெருக்கடி மட்டும் ஒருவரை வாட்டுவதில்லை. நெருக்கடி மிக்கும், அதன்மேல் தம் உரிமை குறைந்தும் இருப்பின் அதுவே வாட்டும் என்பது அது. ஆலையிலும் அலுவலகத்திலும் இதனை அளத்தல் எளிது. பீடி சுற்றும் அம்மையாரிடம் இதனை எங்ஙனம் அளப்பது? எப்பொழுது சுற்றத் தொடங்குவது, எப்பொழுது எழுந்து உலைவைப்பது என்பன அவர் விருப்பத்தின்பாற்பட்டன. ஆகவே உரிமை மிக உடையார் போலத் தோன்றுவார். ஆனால், அன்று கிடைக்கும் இலை நல்லதா காய்ந்ததா என்பதும், கொண்டுசென்ற பீடிகளுள் எத்தனை கழித்தெறியப்படும் என்பதும் அவர் கையில் இல்லை. இலை மோசமாயிருப்பின் எண்ணிக்கை குறையும். குறைந்தால் அக்குறையை அவரே ஈடுசெய்தல் வேண்டும். வீடே தொழிற்சாலையாதலின் வேலை முடியும் நேரமென ஒன்றில்லை. குழந்தையும் அருகிருந்து நூல் கட்டக் கற்கும். இவ்வுரிமைக்கு எப்பெயர் இடுவது? கராசெக்கின் கொள்கை இதனால் பொய்யாகிவிடாது, விரிவடைந்து செப்பமுறும். அங்ஙனம் செப்பமுறச் செய்யும் வாய்ப்பு நம் வாயிற்படியிலேயே இருக்கின்றது.

வினாத்தாளின் மொழியையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். பிறநாட்டில் ஆங்கிலத்தில் அமைத்த வினாக்களைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிடச் சொல்லுதல் இன்று பெருவழக்காயிருக்கின்றது. நம் பக்கத்துத் தொழிலாளர், 'மனசு விட்டுப்போச்சு' என்பர். அச்சொல்லில் களைப்பும் உண்டு. நம்பிக்கை இழப்பும் உண்டு. மதிப்புக் கிடையாத வருத்தமும் உண்டு. இம்மூன்றையும் மேனாட்டு வினாத்தாள் மூன்று பெட்டிகளில் அடைக்கும். நம் மக்கள் ஒரே மூச்சில் சொல்வர். அவர் சொல்லினின்று தொடங்கும் ஆராய்ச்சியே அவர் உள்ளத்தை எட்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது ஆராய்ச்சிக்கும் பொருந்தும்.

இனி நம் பள்ளத்தாக்கை நோக்குவோம். பொதிகையினின்றும் இறங்கும் தாமிரபரணியின் நீர்வலியைத் துணைக்கொண்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாபநாசத்தில் ஹார்வி சகோதரர் நூற்பாலை நிறுவினர். விக்கிரமசிங்கபுரம் ஆலைச் சங்கொலியால் காலம் அறிந்த ஊராயிற்று. பத்தமடையில் கோரைப் பாய் பின்னுகின்றனர்; கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகின்றனர்; வீரவநல்லூரில் தறி நெய்தனர். அம்பாசமுத்திரத்தில் 1937இல் நிறுவப்பெற்ற நெல் ஆராய்ச்சி நிலையம், அம்பை 16 முதலிய நெல் வகைகளை நாட்டிற்கு வழங்கிற்று. நெல்லை ஆராய்வதற்கு இவ்வூரே தக்கது எனக் கண்டோர், நெல்லை விளைவிப்பாரின் உள்ளத்தை ஆராய இவ்வூரைத் தக்கதெனக் காணாமை வியப்பன்றோ?

இவற்றினும் விரைந்து கவனிக்கத்தக்கது மலைமேல் உளது. சிங்கம்பட்டி ஜமீனுக்குரிய 8,373 ஏக்கர் மலைநிலத்தை 1929இல் ஒரு கம்பெனி 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்றது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்னும் இடங்களில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் அங்கேயே பிறந்து, கொழுந்து பறித்து, முதுமையெய்தினர். அவர்தம் கூலி முதலிய கோரிக்கைகட்காக 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் 17 உயிர்கள் மாய்ந்தமையை இப்பக்கத்தார் மறவார். குத்தகைக் காலம் 2028இல் முடிவுறுவதாலும், அந்நிலம் புலிகள் காப்பகத்தினுள் அடங்கியதாலும், 2024இல் தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு என்னும் பெயரால் விடை கொடுக்கப்பெற்றது. காடு காடாக வேண்டும் என்பதும் நியாயமே. உழைத்தார் தெருவில் நிற்றலாகாது என்பதும் நியாயமே. அவ்வழக்கை ஈண்டு நாம் தீர்க்கப் புகவில்லை. வேலை நின்ற அன்றே வீடும், அயலாரும், விடியலில் எழும் வழக்கமும் நிற்கும் ஒரு மக்கட்கூட்டத்தின் உள்ளத்திற்கு என்ன நேரும் என்பதே நம் வினா.

இவ்வினாவை முன்னரே கேட்டோர் உளர். ஆஸ்திரிய தேசத்து வியன்னாவை அடுத்த மரியந்தால், நம் விக்கிரமசிங்கபுரத்தைப் போன்றே ஆற்றங்கரை ஆலையைச் சார்ந்த சிற்றூர். அவ்வாலை மூடப்பெற்றபின், மரீ யஹோதா, பவுல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் என்னும் இளைஞர் 1931இலும் 1932இலும் அவ்வூரை ஆராய்ந்தனர். 1933இல் நூல் வெளியாயிற்று. வேலையிழந்தார்க்கு நேரம் மிகுமாதலின் நூல்நிலையத்தில் வாசிப்பு மிகும் என்று எண்ணுவோம். உண்மையிலோ புத்தகம் எடுத்தல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தெருவில் ஆடவர் மெல்ல நடந்தனர். காரணமின்றி நின்று நின்று சென்றனர். பகற்பொழுதை எங்ஙனம் கழித்தீர் எனக் கேட்டபொழுது விடை கூறவும் இயலாதவராயினர். வேலை கூலியை மட்டும் தருவதன்று. நாளுக்கு ஒழுங்கையும், பிறருடன் கூட்டுறவையும், பொதுநோக்கத்தையும், மதிப்பையும், இயக்கத்தையும் தருவதாகும் என்று யஹோதா பின்னாளில் வரையறுத்தார். மாஞ்சோலையில் இவ்வைந்தோடு வீடும் சேர்ந்துள்ளது. அங்கிருந்து இறங்கிவரும் குடும்பங்கள் எங்கெங்கோ பரவியபின் இவ்வாராய்ச்சியைச் செய்தல் அரிது. இன்றே செய்தல் கூடும். அதற்கு ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவரும் ஒரு குறிப்பேடும் போதும்.

மரியந்தாலில் கற்க வேண்டுவது மற்றொன்றும் உண்டு. அவ்வாராய்ச்சியாளர் வெறும் பார்வையாளராய்ச் சென்று குறிப்பெடுத்துத் திரும்புவதில்லை என உறுதி பூண்டனர். ஆடை திரட்டி அளித்தனர். மருத்துவ உதவிக்கு வழி செய்தனர். பெண்டிர்க்குத் தையற்கலை தொடர்பான வகுப்பு நடத்தினர். ஊரார்க்குப் பயன்பட்டே ஊராரை அறிந்தனர். தொழில் உளநூலின் வரலாற்றில் இதற்கு மாறான நிழலும் உண்டு. அமெரிக்கச் சரித்திர ஆசிரியர் லோரன் பாரிட்ஸ், இக்கலையினர் ஆலை முதலாளிகளின் ஏவலராயினர் என்று 1960இல் ஒரு நூலே எழுதிக் கண்டித்தார். அக்கண்டனம் முற்றும் பொய்யன்று. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பார் ஒருவர்; ஆராயப்படுவார் மற்றொருவர். இவ்விருவர்க்கும் இடையே நிற்பவன், தொழிலாளி நம்பிக் கூறியதை மேலதிகாரிக்குக் கூறாதிருக்கும் உறுதியுடையனாதல் வேண்டும். அவ்வுறுதியைப் பாடப்புத்தகம் கற்பிக்காது. ஆசிரியரின் நடையே கற்பிக்கும்.

'எமக்கு உத்தியோகம் வேண்டும். பீடியையும் தேயிலையையும் ஆராய்ந்தால் எந்தக் கம்பெனி எம்மை அழைக்கும்?' என்று மாணவர் கேட்கலாம். இக்கேள்வியை இகழ்தல் தகாது. கடன்பட்டுப் படிக்கவைத்த பெற்றோரை உடையார் வேறு எதனைக் கேட்பர்? எனினும், அறியாதவரிடம் சென்று, அவர் அஞ்சாமல் பேசும்படி அமர்ந்து கேட்டு, கேட்டதைத் திரித்துக் கூறாமல் எண்ணத்தாலும் எண்ணிக்கையாலும் தொகுத்துரைக்கும் பயிற்சியினும் மேலான பயிற்சி இத்தொழிலில் யாதுளது? சுளகின் முன் அமர்ந்து அதனைக் கற்றவர் எந்த ஆலையிலும் எந்த அலுவலகத்திலும் மனிதரை நடத்த வல்லர். அலுவலக வினாத்தாளை மட்டும் நிரப்பிப் பழகியவர்க்குச் சுளகின் முன் அமரத் தெரியாது.

ஆதலின், மேற்படிப்பை நாடும் தம்பியர்க்கும் தங்கையர்க்கும் மூன்று வினாக்களைப் பரிந்துரைக்கின்றோம். சேர விரும்பும் கல்லூரியின் ஆசிரியரிடம் வணக்கத்தோடு இவற்றைக் கேளுங்கள். 'ஐயா, தங்கள் ஆராய்ச்சியில் தாங்கள் இறுதியாகப் பேசிய தொழிலாளி யார்? அவர் எம்மொழியில் பேசினார்? ஆராய்ச்சியின் முடிவை அவருக்குத் திரும்பச் சொன்னீர்களா?' இவற்றிற்கு மலர்ந்த முகத்தோடு விடை கூறும் ஆசிரியர் எச்சிறு கல்லூரியில் இருப்பினும் அவரிடம் செல்லுங்கள். ஆசிரியப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. விவரப் பத்திரிகையில் தங்கள் பெயருக்கு எதிரே இனி எழுதும் வரிகளுள், ஒரு வரியேனும் இவ்வாற்றின் கரையினின்று எடுத்ததாயிருக்கட்டும்.

அன்று அம்பாசமுத்திரத்தில் ரயில் நின்றபொழுது, அம்மாணவி இரண்டு பத்திரிகைகளையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எந்தக் கல்லூரி என்று எம்மால் கூற இயலவில்லை. இப்பொழுது அவள் ஒன்றில் சேர்ந்து பயில்கின்றாள். அண்மையில் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். தன் ஆசிரியை முதலில் தயங்கினார் என்றும், பின்னர் விடுமுறையில் அவள் வீட்டிற்கே வந்து, தாயாரின் அருகே தரையில் அமர்ந்து, ஒரு பகல் முழுதும் இலை வெட்டுவதைப் பார்த்திருந்தார் என்றும் எழுதியிருந்தாள். புறப்படுங்கால், 'இவ்வளவு கேட்டீர்களே அம்மா, இத்தனை வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை' என்று தாயார் கூறினாராம். விவரப் பத்திரிகையில் அவ்வாசிரியையின் பெயருக்கு எதிரே அடுத்த ஆண்டு ஒரு வரி கூடும் என்று நம்புகின்றோம்.